போகாத வளையம்

அந்த வளையம் என் கையிலிருந்துதான் விழுந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று தள்ளிவைத்தால் எழுதாமலே முடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்படித் தள்ளிவைத்துப் பழக்கப்பட்டவள் நான்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில், போல்ட் செய்யும் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். வீடு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் என்னைப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க வைத்தாள். கம்பெனியில் எனக்கு முன்னால் இருந்த பெண்கள் எல்லோரும் பேக்கிங்கில்தான் இருந்தார்கள். மெஷின்களுக்கு நடுவே நடந்து, அளவு பார்த்து, சரி, தப்பு என்று சொல்லும் வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் பெண் நான். சேர்ந்த முதல் வாரத்தில் மேனேஜர் என்னை உட்காரவைத்து, "நீங்க சரியாப் பண்ணினாத்தான் இன்னொரு லேடீஸை நான் எடுக்க முடியும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் என் ஒவ்வொரு தப்பும் இன்னும் வேலைக்கே வராத யாரோ ஒரு பெண்ணின் தப்பாகவும் ஆகிவிட்டது.

போல்ட்டில் மரையை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் வெட்டி எடுப்பார்கள் என்றுதான் சொல்கிறார்கள். எங்களிடம் வெட்டுவதே கிடையாது. கம்பிச் சுருள் ஒரு பக்கமாக மெஷினுக்குள் போகும். துண்டாகும், ஒரு அடியில் தலை உருவாகும், மரை இல்லாத மொட்டைப் போல்ட்டாக வெளியே விழும். அந்த மொட்டைப் போல்ட் அடுத்த மெஷினில், டை என்று நாங்கள் சொல்லும் இரண்டு தட்டையான எஃகு அச்சுகளுக்கு நடுவே போகும். இரண்டிலும் சாய்வாகக் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். ஒன்று நிற்கும், மற்றது ஓடும். விளக்குத் திரியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுகிற மாதிரி போல்ட் நடுவில் உருண்டு வெளியே வரும்போது உடம்பில் மரை ஏறியிருக்கும். ஒரு துளி இரும்பு சீவலாகக் கீழே விழாது. டை அமுக்கிய இடம் பள்ளமாகும், அங்கிருந்து பிதுங்கிய இரும்பு மேடாகும். அதனால்தான் வெட்டிய மரையைவிட உருட்டிய மரைக்குப் பலம் அதிகம். கண்ணை இமைப்பதற்குள் இரண்டு போல்ட் விழுந்துவிடும். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பாதிப் பேச்சு கை ஜாடைதான்.

டைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அதிகமானால் மரை தடித்துப் போய் நட்டுக்குள் நுழையாது. கொஞ்சம் குறைந்தால் மரை ஒல்லியாகி, நட்டுக்குள் சுலபமாகப் போகும், ஆனால் இறுக்கும்போது பிடிக்காமல் வழுக்கிச் சுற்றும். இடைவெளி வைப்பது செட்டரின் வேலை. சரியா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு என்னிடம் இரண்டு எஃகு வளையங்கள் இருக்கும், கேஜ் என்போம். இரண்டுக்கும் உள்பக்கம் மரை உண்டு. ஒன்றின் பெயர் கோ. அது போல்ட்டில் தடையில்லாமல் கடைசிவரை ஏற வேண்டும். இன்னொன்று நோ கோ. அது ஏறக் கூடாது. ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று போய் நின்றுவிட வேண்டும். கடைசிவரை ஏறினால் மரை ஒல்லி, அந்தப் போல்ட் கழிவு.

அன்றைக்கு மார்கழி பாதி. எட்டு மில்லி போல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கதிர் அறுக்கும் மெஷின்களுக்கு மாற்று உதிரிகளைப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு கம்பெனிக்கான சரக்கு. பொங்கலுக்கு முன்னால் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் தை பிறந்ததும் இங்கே அறுவடை. நாலு மணிக்கு லாரி. உருட்டிய போல்ட்டுகளைச் சூடேற்றுவதற்கும் முலாம் பூசுவதற்கும் திருச்சிக்கு எடுத்துப் போகும் லாரி அது.

செட்டர் முத்துப்பேட்டைக்காரர். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். நான் அண்ணே என்பேன், அவர் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். சிரிக்கிறவர் இல்லை, கோபப்படுகிறவரும் இல்லை. புது டை மாட்டி முதல் போல்ட்டுகளை உருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு என் மேஜைக்குக் கொண்டுவந்தார். குனிந்து என் காதுப்பக்கமாகச் சொன்னார்:

"முலாம் ஏறினா தடிக்கும்ல, அதனால கொஞ்சம் ஒல்லியாத்தான் விட்டிருக்கேன். நோ கோ போட்டு நல்லாப் பாத்துருங்க."

காலையில் முதல் டையில் பார்த்தபோது நோ கோ ஒன்றரைச் சுற்று ஏறி நின்றது. அது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அதை எடுக்கப் போனேன். விரலெல்லாம் எண்ணெய். வளையம் நழுவி மேஜை விளிம்பில் பட்டு, சிமென்ட் தரையில் விழுந்து, உருண்டு, அலமாரிக்கு அடியில் போய் நின்றது. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. செட்டர் அதற்குள் மெஷினுக்குத் திரும்பியிருந்தார். குனிந்து எடுத்தேன், துடைத்தேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

கீழே விழுந்த கேஜை உபயோகிக்கக் கூடாது. சிவப்புச் சீட்டுக் கட்டித் தனியாக வைத்து, லேபுக்கு அனுப்பி அளந்து வாங்க வேண்டும். அந்த விதியை எழுதி என் மேஜைக்கு மேலேயே ஒட்டியிருந்தார்கள். ஆனால் அந்த அளவுக்கு இருந்த மாற்று வளையம் ஏற்கெனவே திருச்சியில் லேபில் இருந்தது. நான் சீட்டுக் கட்டினால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் லாரி காலியாகப் போகும். ஏன் என்று கேட்பார்கள். எண்ணெய்க் கையோடு கேஜைத் தொட்டதால் என்று சொல்ல வேண்டும்.

வளையத்தைப் போல்ட்டில் வைத்துத் திருகினேன். ஒரு மரைகூட ஏறவில்லை. அடுத்த போல்ட். அதிலும் ஏறவில்லை. டப்பாவில் இருந்த அத்தனை போல்ட்டிலும் வாயிலேயே நின்றது.

ஏறக் கூடாத வளையம் ஏறவில்லை. சட்டப்படி சரி. ஆனால் ஒன்றரைச் சுற்று ஏற வேண்டிய இடத்தில் அரைச் சுற்றுகூட ஏறவில்லை என்பதை என் விரல் உணர்ந்தது. விழுந்த வேகத்தில் வளையத்தின் முதல் மரை நசுங்கியிருந்தால் அது எந்தப் போல்ட்டிலும் நுழையாது. எவ்வளவு ஒல்லியான போல்ட்டைக் கொடுத்தாலும் சரி என்றுதான் சொல்லும். இது எனக்குத் தெரியாததில்லை. மூன்றாம் வருஷம் பாடத்திலேயே இருக்கிறது. தெரிந்தும், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்தேன். சரி. முலாம் பூசித் திரும்பி வந்தபோதும் அதே வளையத்தால் பார்த்தேன். சரி. சேர்ந்து ஓடிய அந்தத் தொகுதிக்கான லாட் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சரக்கு போய்விட்டது. பொங்கல் லீவு முடிந்து லேபிலிருந்து மாற்று வளையம் வந்த அன்று, பழையதைப் பழந்துணியில் சுற்றி என் மேஜையின் கீழ் இழுப்பறையில், ஓரத்தில் தள்ளினேன். அதற்குள் அந்த ஒரே வளையத்தை வைத்து இன்னும் எத்தனையோ போல்ட்டுகளைச் சரி என்று சொல்லியிருந்தேன்.

தை கடைசியில் புகார் வந்தது. இறுக்கினால் மரை வழுக்குகிறது என்று உதிரிக் கம்பெனி பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தது. பேக்கிங் பெண்கள் ஒன்பது பேரையும் உட்காரவைத்து, புதிதாக வாங்கிய வளையங்களைக் கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். முதல் போல்ட்டை நான்தான் எடுத்தேன். புது நோ கோ வளையம், தாராளமான மோதிரம் விரலில் இறங்குவது போல, தலைவரை இறங்கியது. பக்கத்தில் இருந்த அக்கா தன் கையில் இருந்ததைக் காட்டி, "இதுவும் அப்படித்தான் போவுது" என்றாள். ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் மறுபடி மறுபடி பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். ஏறாத ஒன்றாவது கிடைக்காதா என்றுதான். கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் வாடிக்கையாளருக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். மேனேஜர் அறையில் செட்டரையும் என்னையும் நிற்கவைத்தார்கள். முதலாளியின் மைத்துனரும் இருந்தார். இடைவெளியை யார் வைத்தது என்று கேட்டார்கள். செட்டர் தான்தான் என்றார். முலாமுக்காகக் கொஞ்சம் இறக்கியதையும் மறைக்காமல் சொன்னார். கேஜில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஓட்டினேன் என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் பாத்த பீஸ் எல்லாம் நோ கோ போகலை சார்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. அதற்குமேல் என்னை யாரும் கேட்கவில்லை. நான் பார்த்துவிட்டுப் போன பிறகு செட்டர் டையைத் தொட்டிருக்க வேண்டும் என்று மைத்துனர் சொன்னார். மேனேஜர் எழுதிக்கொண்டார். செட்டர் என்னைப் பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நான் தொடவே இல்லம்மா" என்றார், என்னிடம்தான்.

மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்றார்கள். அவர் தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு என் மேஜையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். நான் கழிப்பறைக்குள் போய், அவர் போயிருப்பார் என்று தோன்றும்வரை நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போது வெளியே பார்க்க முடியவில்லை. இரண்டு பக்கமும் அறுவடை. ஒரத்தநாடு வரைக்கும் எந்த வயலைப் பார்த்தாலும் கதிர் அறுக்கும் மெஷின் நின்றது, இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பெட்டிகள் மொத்தத்தில் பாதிகூட இல்லை. மீதி ஏற்கெனவே பொட்டலமாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. அந்தப் போல்ட்டுகள் மெஷினின் முன்பக்கம், கத்தி ஓடும் பட்டையைப் பிடித்து நிறுத்துபவை. ஒன்று கழன்றால் ஒன்றும் ஆகாது. நாலைந்து சேர்ந்து கழன்றால், ஓடுகிற கத்தி என்ன செய்யும், துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் நாலு பெண்களாவது குனிந்து சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

மெஷினுக்குப் பக்கத்தில் போகாதே, தள்ளியே நில் என்று அம்மாவிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

"மெஷினு போன பின்னாடிதான்டி கதிரு கெடக்கும். பத்தடி தள்ளி நின்னா அடுத்தவ பொறுக்கிட்டுப் போயிருவா" என்றாள் அம்மா.

ஒரு சனிக்கிழமை பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். வரப்போரமாக ஒரு மெஷின் நின்றிருந்தது. சேலம் பக்கத்திலிருந்து வந்த டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அறுத்த நெல் தாளுக்குள் நடந்து போய் மெஷினின் முன்னால் குனிந்தேன். எங்கள் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் கம்பெனி முத்திரை இருக்கும். சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நாலாவது போல்ட்டில் இருந்தது. ஆறாவதிலும் இருந்தது. ஆனால் முத்திரையைப் பார்த்து எந்த நாள் ஓடிய போல்ட் என்று கண்டுபிடிக்க முடியாது. லாட் எண் பெட்டியில்தான் இருக்கும், போல்ட்டில் இருக்காது. இத்தனை வருஷமாக நாங்கள் செய்த எந்தப் போல்ட்டாகவும் அது இருக்கலாம்.

டிரைவர் எழுந்து வந்து, என்னம்மா தேடுறீங்க என்று கேட்டார். இந்தப் போல்ட்டுகள் கழன்றதுண்டா என்று கேட்டேன். வண்டி என்றால் கழலத்தான் செய்யும், தினம் காலையில் ஸ்பேனர் போடுவதுதான் எங்கள் வேலை என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக டூல் பெட்டியைத் திறந்து கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"போன வாரம் புதுசா வாங்கிப் போட்டேங்க. இறுக்க இறுக்கச் சுத்திக்கிட்டே இருக்குது, பிடிக்கவே மாட்டேங்குது. எடுத்து வீசிட்டுப் பழசையே போட்டுட்டேன். நீங்க என்ன, அந்தக் கம்பெனியா?"

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. நல்ல கம்பியாகப் போடச் சொல்லுங்கள் என்றார். பாதி மரை மழுங்கிப் போன அந்தப் போல்ட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன். தூரத்தில், அடுத்த வயலில், பெண்கள் ஒரு மெஷினுக்குப் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை நசுங்கிய வளையத்தையும் அந்தப் போல்ட்டையும் மேனேஜர் மேஜையில் வைத்தேன். விழுந்தது, நான் மறைத்தது, அதற்குப் பிறகு அதை வைத்துப் பார்த்த லாட்டுகள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, காரணம் எழுதி அனுப்பியாயிற்று, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள், ஆளையும் வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று என்றார். செட்டரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் சார் என்றேன்.

"இப்பப் போயி கேஜே தப்புன்னு சொன்னா, ஒரு லாட்டோட நிக்குமா? நாம அனுப்பின எல்லாத்தையும் திருப்பி அனுப்புவான். இங்க எத்தனை பேரு வேலை செய்யிறாங்க, யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தேன். அதையும் சேர்த்துத்தான் தூக்கம் வராமல் இருந்தது. அந்தப் போல்ட்டுகள் இப்போது வயலில் ஓடுகின்றன சார் என்றேன். அவர் வளையத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். டூல் ரூமில் கிரைண்டரைப் போட்டு, வளையத்தைக் குறட்டில் பிடித்து, கல்லில் வைத்து அழுத்தினார். தீப்பொறி பறந்தது. உள் மரை எல்லாம் போய் அது வெறும் இரும்பு வளையமாகும்வரை விடவில்லை. பிறகு கழிவு டப்பாவில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், போய் வேலையைப் பாருங்கம்மா என்றார்.

அன்று நான் வேலையைப் பார்த்தேன். அதுவும் நடந்தது. அதையும் எழுத வேண்டும். எட்டு மணி நேரமும் போல்ட்டுகளை அளந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேட்டைக்குப் போனேன். செட்டரின் வீடு ஊருக்கு வெளியே, அலையாத்திக் காட்டுக்குப் போகும் வாய்க்கால் கரையில் இருந்தது. மாதா படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, கம்பெனியிலிருந்து கூப்பிட வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்த முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்ததும் அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. இல்லை என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

செட்டர் வெளியிலிருந்து வந்தார். கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் அவர் குடும்பம் இறால் பிடிக்கிற குடும்பம். இப்போது மச்சானோடு மறுபடி படகில் போகிறார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. அந்தக் கை டைகளை மாட்டி இறக்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இப்போது அதில் வலைக்கயிறு அறுத்த கீறல்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் வளையத்தை அழித்ததையும் சொன்னேன். முடித்ததும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இத அந்த ரூம்ல சொல்லியிருந்தா நான் உள்ள இருந்திருப்பேன். இங்க வந்து ஏன் சொல்றீங்க?"

என்ன செய்யட்டும் அண்ணே, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அவரிடம் கோபத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குரல் உயரவில்லை.

"அதையும் நானே சொல்லணுமா? நீங்க பாத்துச் சொல்வீங்கன்னுதான் அன்னைக்கி விட்டேன். இன்னைக்கும் நீங்களே பாத்துச் சொல்லுங்க."

டீ வந்தது. குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு வரவும் முடியவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் கேன்டீனுக்குப் பின்னால் நின்று, திரும்பி வந்த பெட்டி மேல் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். உதிரிக் கம்பெனியில் பேசியது ஒரு பெண், குரலைக் கேட்டால் என்னைவிடச் சின்னவள். லாட் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். கடைசியில், இதைக் கம்பெனி லெட்டராகத் தர முடியுமா என்று கேட்டாள். முடியாது, என் பேரில்தான் தர முடியும் என்றேன். பிறகு, சரி மேடம், எழுதி அனுப்புங்க என்றாள். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் என்னை வெளியே அனுப்பினார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. உதிரிக் கம்பெனி கடைகளில் விற்காமல் இருந்த பொட்டலங்களைத் திரும்ப வாங்கியது. வயலுக்குப் போனவை போனவைதான். அவற்றை யாரும் தேட முடியாது. எங்கள் கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஆர்டரை அவர்கள் முழுதாக நிறுத்தினார்கள். பங்குனியில் இரண்டாவது ஷிப்ட் நின்றது. பேக்கிங் பெண்கள் ஒன்பது பேரில் ஆறு பேரை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் சொன்னது நடந்தது. செட்டரைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. யார் தப்பு என்பதில் கம்பெனிக்கு அதன் பிறகு அக்கறை இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்து யாருக்கும் அடிபடவில்லை. எனக்குத் தெரிந்து என்றுதான் சொல்ல முடிகிறது. அந்த அறுவடை முடியும்வரை அம்மா வீட்டுக்கு வரும் நேரத்தில் வாசலிலேயே நின்றேன். சாயங்காலம் கொஞ்சம் தாமதமானால் வரப்பு வழியே ஓடுவேன். ஒரு நாள் அப்படி ஓடிப்போய் நின்றபோது, சாக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த அம்மா, உனக்கு என்னடி ஆச்சு என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். அம்மாவுக்கு மரையும் வளையமும் எவ்வளவு புரிந்தன என்று தெரியாது. மூட்டையை இறக்காமலே நின்று கேட்டாள். கடைசியில், அந்த ஆறு பொம்பளைங்களும் இப்ப எங்க வேலைக்குப் போறாங்க என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

செட்டருக்குச் சித்திரையில் போன் செய்தேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். கேள்விப்பட்டேன் என்றார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"எவ்வளவு ஒல்லியா இருந்துச்சு? அளந்தாங்கள்ல?"

மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கை நாங்கள் பாயிண்ட் என்போம். பன்னிரண்டு பாயிண்ட் என்றேன். மறுமுனையில் காற்றுச் சத்தம் கேட்டது. படகில் இருந்தார் போல.

"நான் ரெண்டு பாயிண்ட்டுதான் இறக்கினேன்" என்றார். பிறகு மெதுவாக, "டைக்குப் பின்னாடி இருக்க ஆப்பைப் பிடிக்கிற போல்ட்ட நான் முழுசா இறுக்காம விட்டிருப்பேன். லாரி நிக்கிதுன்னு அவசரத்துல. ஓட ஓட ஆப்பு உள்ள இறங்கி டையைத் தள்ளியிருக்கும். கேஜ் சொல்லிருக்கணும், அது வேற. ஆனா நகந்தது என்கிட்டதான்."

அப்படி இல்லை அண்ணே என்று நான் அவசரமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தன் தப்பைத் தானே கண்டுபிடித்த பிறகு வரும் அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் போன் செய்யாமல் இருந்திருந்தால் அவர் என்னை மட்டுமே வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். இப்போது அதிலும் ஒரு பங்கை அவர் தலையில் ஏற்றிவிட்டேன். தண்ணி ஏறுது, வைக்கிறேன்மா என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

இப்போது ஒரத்தநாட்டில் மோட்டார் பம்பு விற்கும் ஒரு கடையில் பில் போடுகிறேன். இடையில் இரண்டு கம்பெனிகளுக்கு நேர்முகத்துக்குப் போனேன். முன்பு வேலை பார்த்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் உள்ளதைச் சொன்னேன். ஒருவர் நேர்மையானவங்க என்று பாராட்டிவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார். தகவல் வரவில்லை.

பேக்கிங்கில் இருந்த அக்காவை, திரும்பி வந்த பெட்டியின் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, வேலை போன ஆறு பேரில் ஒருத்தியை, போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். அவள் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் தயங்கி நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், மடியில் இருந்த பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.